சீமைத் தபாலும் திருச்செந்தூர்க் கடலும்

கடலைப் பார்க்க வேண்டும் என்று நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு படக்கார்டை எடுத்து நீட்டுவார்.

“இந்தா, கடல். நல்லாப் பாத்துக்கோ. ஓரத்தைப் பிடிச்சுப் பாரு, நடுவுல விரல வைக்காத.”

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, பக்கத்து ராஜபாளையத்தில் வாக்கப்பட்டவள். எந்நேரமும் மேற்கே மலையைப் பார்த்தே வளர்ந்தவள். கண்மாய் நிறைந்து மறுகால் போவதைத்தான் பெருந்தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவளிடம் உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டையை நீட்டி இதுதான் கடல் என்றால் எரிச்சல் வராமல் வேறு என்ன வரும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவருக்கு மட்டும் தெரியவில்லை.

அவருக்கு ஊரில் இருந்த பருத்தி அரவை ஆலையில் குமாஸ்தா வேலை. எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆலைக்குப் புது இயந்திரம் பூட்டுவதற்காகச் சீமையிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்திருக்கிறார். வந்த இடத்தில் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் படுத்தவருக்கு இவர்தான் கஞ்சி வாங்கிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். அந்த மனுஷன் ஊர் திரும்பியதும் நன்றியோடு ஒரு கார்டு போட்டார். ஒரு பக்கம் நாலு வரி, மறுபக்கம் கப்பல்கள் நிற்கிற துறைமுகத்தின் படம். அன்றைக்குப் பிடித்தது சனி. கஞ்சி கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்று நான் எத்தனையோ முறை நினைத்ததுண்டு.

அதற்குப் பிறகு ஏதோ ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் படக்கார்டு மாற்றிக்கொள்கிறவர்களின் விலாசங்களைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் எழுதினார். பதில்கள் வந்தன. ஜப்பானிலிருந்து வந்தது, ஜெர்மனியிலிருந்து வந்தது, பெயர் சொல்ல நாக்கு சுளுக்கும் ஊர்களிலிருந்தெல்லாம் வந்தது. பதிலுக்கு இவர் மதுரைக் கோபுரத்தையும் எங்கள் ஆண்டாள் கோபுரத்தையும் மாற்றி மாற்றி அனுப்பினார். கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கிக் கொடுத்த டிரங்குப் பெட்டியிலிருந்து என் பட்டுச்சேலை வெளியே வந்து கொடிக்குப் போயிற்று. உள்ளே கார்டுகள் ஏறின. பூச்சி வராமல் இருக்க அவற்றுக்கு வசம்பு, புகையிலைக் காம்பு என்று ராஜ உபசாரம். என் சேலையைக் கரப்பான் அரித்தது. சொன்னால், “சேலை இன்னொண்ணு எடுத்துக்கலாம், எரிமலை கெடைக்குமா?” என்பார். ஆமாம், இத்தாலியிலிருந்து ஓர் எரிமலைகூட வந்திருந்தது.

சாப்பிட உட்கார்ந்தால் மைக்கறையோடு சோற்றைப் பிசைகிற மனுஷன், கார்டைத் தொடுவதற்கு முன்னால் சவுக்காரம் போட்டுக் கை கழுவித் துடைத்துக் காயவைத்துக்கொண்டு வருவார். வெனிஸ் நகரத்துத் தெருக்களில் தண்ணீர் ஓடுகிற விதத்தை ஒரு மணி நேரம் சொல்வார். ஆனால் கல்யாணம் முடித்து என்னை அவர் கூட்டிப்போன தூரம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில்தான். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறவர் உலகத்தைப் பற்றிப் பேசினால் கேட்கிறவளுக்கு எப்படி இருக்கும்!

பையன் பிறந்து மூன்றாம் மாதம் பாலைக் கக்கிக் கண் சொருகிக் கிடந்தான். அப்போது நான் மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொண்டேன்: பிள்ளை பிழைத்தால் முதல் முடியைத் திருச்செந்தூர் முருகனுக்கு இறக்குகிறேன் என்று. பிள்ளை பிழைத்துக்கொண்டான். எங்கள் பக்கத்தில் மொட்டை போட ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே திருவண்ணாமலை என்றே ஒரு குன்று இருக்கிறது, தீபத்துக்குப் பேர்போன ஊர் அல்ல, இது வேறு. மலைமேல் பெருமாள், கைக்கெட்டும் தூரம். எல்லோரும் அங்கேதான் போவார்கள். நான் ஏன் திருச்செந்தூர் என்று வாய் தவறாமல் சொன்னேன்? அங்கே கடல் இருக்கிறது, அதனால்தான். முருகனுக்கும் அது தெரியும், அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஊர் பார்க்க ஆசை என்று சொன்னால் சிரிப்பார்கள். நேர்த்திக்கடன் என்று சொன்னால்தான் வண்டி கட்டுவார்கள்.

என் வீட்டுக்காரரும் வண்டி கட்டியிருப்பார், நடுவில் அடுத்த வீட்டு அம்மாள் மட்டும் பக்தியோடு இல்லாமல் இருந்திருந்தால்.

பையனுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும்போது ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ஒரு பகல்தான். அந்தப் பகலில்தானா ஜெர்மனிக் கார்டு வர வேண்டும்? வீடு பூட்டியிருந்ததால் தபால்காரர் அதை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வீட்டு அம்மாள் தெலுங்கு பேசுகிறவர்கள், நல்ல மனசு, தினமும் விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். கார்டில் இருந்ததோ வானத்தைத் தொடுகிற இரட்டைக் கோபுரம். ஏதோ பெரிய மாதா கோயில். அவர்களுக்கு எந்தச் சாமி என்ற கவலையெல்லாம் இல்லை. கோபுரம் என்றால் கோபுரம்தான். சந்தனத்தைக் குழைத்து இரண்டு கோபுர உச்சியிலும் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, பூஜை மாடத்தில் நிறுத்தி, ஒரு முழம் பூவும் சாத்திவிட்டார்கள். நாங்கள் திரும்பி வந்ததும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

“தேவுடு கோபுரமம்மா, தரையில வைக்கலாமா? அதான் நல்லபடியா வச்சிருந்தேன்.”

இவர் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். நான்தான் அந்த அம்மாளிடம் ரொம்ப நல்லது என்று சொல்லி அனுப்பினேன். இவர் ஈரத்துணியால் துடைக்கத் துடைக்கச் சந்தனம் படத்துக்குள்ளேயே இறங்கிற்று. குங்குமம் கரைந்து ஜெர்மனிக்காரன் வானம் முழுக்கச் சிவந்து போயிற்று. தேர் பார்க்கப் போனதே தப்பு என்று என்மேல் பாய்ந்தார். அன்றோடு ஒரு முடிவுக்கு வந்தார்: தபால் வரும் வேளையில் வீட்டில் இருக்காமல் எந்த ஊருக்கும் போவதில்லை.

சீமைத் தபால் வாரத்துக்கு ஒருமுறைதானே, மற்ற நாட்களில் போகலாமே என்று நான் சொன்னேன்.

“முந்தி வந்துட்டா?”

“சரி, வந்த மறுநாள் போவோம்.”

“பிந்தி வந்துட்டா?”

முந்தி வருவதற்கு இரண்டு நாள், பிந்தி வருவதற்கு மூன்று நாள், வருகிற நாள் ஒன்று என்று கழித்தால் வாரத்தில் மிஞ்சுகிற ஒரு நாளில் திருச்செந்தூர் போய்த் திரும்ப முடியுமா? கல்லில்கூட நார் உரித்துவிடலாம், இவரிடம் ஒரு நாள் வாங்குவது அதைவிடக் கஷ்டம்.

இதில் இன்னொரு சிக்கல். முதல் மொட்டையை ஒற்றைப்படை வயதில்தான் போட வேண்டும். ஒன்று, மூன்று, ஐந்து. நடுவில் தொடக்கூடாது. அதோடு பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடி இறக்க வேண்டும். தாய்மாமன் என்றால் என் தம்பி. அவன் வத்திராயிருப்பில் அப்பாவின் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நடவு, அறுப்பு போக மிஞ்சின நாட்கள்தான் ஓய்வு. ஒருபக்கம் வயசு, ஒருபக்கம் வயல், ஒருபக்கம் தபால். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை என்பார்கள். எனக்கோ வீட்டுக்குள்ளேயே ஒரு பூசாரி.

முதல் வயசு ஜெர்மனிக் கோபுரத்தோடு போயிற்று. மூன்றாம் வயசில் அழுது, பட்டினி கிடந்து, ஒரு வாரம் வாங்கினேன். பலகாரம்கூடச் சுட்டாயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள் தம்பி ஓடி வந்தான்.

“அக்கா, மழை இருட்டிக்கிட்டு வருது. கதிரு சாஞ்சிரும். இன்னிக்கி அறுத்தாத்தான் உண்டு. பொறவு வாரேன்க்கா.”

“போடா, நீயும் உன் கதிரும்!” என்று கத்தினேன். அவன்மேல் என்ன தப்பு? ஆனால் கத்துவதற்கு ஆள் வேண்டியிருந்தது. இவர் பக்கத்தில் நின்றுகொண்டு, “சரி மாப்ள, வயலு முக்கியம்ல” என்று ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னார். அந்த வாரம் தென் அமெரிக்காவிலிருந்து ஒரு கார்டு வந்தது. பார்த்தாயா, போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னிடமே கேட்டார். சுட்ட பலகாரத்தைத் தெருவுக்குப் பங்கு வைத்தேன்.

பையனுக்கு முடி இடுப்பைத் தொட்டது. சீவினால் அழுவான், சீவாவிட்டால் பேன் வரும். பின்னிப் பூ வைத்துவிட்டால் பார்க்கிறவர்கள் எல்லாம் “பாப்பா, இங்க வா” என்று கூப்பிடுவார்கள். அவன் கோவணத்தை அவிழ்த்துக் காட்டிவிட்டு வருவான். ஐந்தாம் வயசு பிறந்ததும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனேன். வாத்தியார் அவன் சடையைப் பார்த்துவிட்டு, “முடிய எறக்கிட்டுக் கூட்டியாங்கம்மா. இப்பிடியே வந்தா பயலுக இவனைப் படிக்க விடமாட்டானுவ” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். இந்த வயசையும் விட்டால் ஏழு வயசு வரை என் பிள்ளை பின்னலோடு வீட்டில் கிடக்க வேண்டியதுதான், நானும் கடலை அட்டையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து இவரிடம் சண்டை பிடித்தேன். வாயால் மட்டும் அல்ல, பாத்திரங்களாலும் பிடித்தேன். அசையவில்லை.

அசைத்தது யார் தெரியுமா? பெல்ஜியத்துக்காரி ஒருத்தி.

அவளும் கார்டு சேர்க்கிறவள்தான். அந்த வாரத் தபாலில் எழுதியிருந்தாளாம்: இந்தியாவில் கடற்கரையிலேயே இருக்கிற கோயிலின் படம் ஒன்று வேண்டும், அனுப்பினால் தன் ஊர்ப் பாலங்கள் அத்தனையும் அடங்கிய வரிசையை அனுப்புகிறேன் என்று. இவர் அதை மூன்று தரம் படித்தார். எழுந்து நின்றார்.

“ஏட்டி, துணிமணிய எடுத்து வையி. திருச்செந்தூர் போறோம்.”

எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை எரிந்தது. பெற்ற பிள்ளையின் முடி அசைக்கவில்லை, நான் உருட்டின பாத்திரம் அசைக்கவில்லை, முகம் தெரியாத எவளோ ஒருத்தியின் ஒரு வரி அசைத்துவிட்டது. நான் வரமாட்டேன், நீங்களே போய் மொட்டை போட்டுக்கொள்ளுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. கடல் என்கிற நினைப்பு வந்து அதை விழுங்க வைத்தது. “தபாலு முந்தி வந்துட்டா என்ன செய்வீக?” என்று மட்டும் கேட்டேன். தபால்காரரிடம் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன் என்றார். அது அவ்வளவு லேசான காரியமாம்! அதை நாலு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் என் பிள்ளை ஒரு வயசிலேயே மொட்டை போட்டிருப்பான்.

தம்பிக்கு ஆள் விட்டோம். வயலில் வேலை இல்லாத நேரம், உடனே வந்துவிட்டான். நாலு பேரும் ரயிலேறினோம். வழி முழுக்க இவர் கடலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். கடல் எந்த இடத்தில் என்ன நிறம், எந்தக் கடலில் உப்பு அதிகம், எந்தத் துறைமுகத்தில் கப்பல் எப்படித் திரும்பும் என்று எதிரே இருந்தவர்களுக்கெல்லாம் பாடம் நடந்தது. எதிரே இருந்த பெரியவர் வாயைப் பிளந்து கேட்டார். தம்பி என் காதில் மெதுவாக, “அத்தான் எப்பக்கா கடலுக்குப் போனாக?” என்றான்.

“போனதே இல்லடா. அம்புட்டும் பெட்டிக்குள்ள இருந்துதான்.”

திருச்செந்தூரில் இறங்கி மாட்டுவண்டியில் ஏறினோம். பாதி வழியில் இவர் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரே சீராக ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது.

“இங்க என்ன ஆலை ஓடுது?” என்று வண்டிக்காரரைக் கேட்டார்.

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். “ஆலையா? அது கடலு சாமி.”

தம்பி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான்.

நேர்த்தியை முடித்துவிட்டுத்தான் கடலைப் பார்ப்பது என்று நான் வைராக்கியமாக இருந்தேன். முடி இறக்கும் கொட்டகைக்குப் போனோம். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தான். கத்தியைப் பார்த்ததும் ஊரைக் கூட்டினான். பெற்ற தகப்பன் பக்கத்தில் நின்று பிள்ளையைச் சமாதானம் செய்ய வேண்டாமா? திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். போட்டோக்காரரைத் தேடிப் போயிருக்கிறார். ஐந்து வருஷத்து முடி கொத்துக் கொத்தாக விழுவதைப் பார்க்க நானும் தம்பியும்தான் இருந்தோம். எனக்கு மனசு நிறைந்தும் இருந்தது, வயிறும் எரிந்தது. தலையில் சந்தனம் தடவி முடித்த பிறகுதான் இவர் வந்தார், முக்காலியும் படப்பெட்டியும் தூக்கிய ஒருவரோடு. மகனைப் பார்த்து, “யாருடா இது?” என்று சிரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கரைக்குப் போனோம். போட்டோக்காரர் ஒரு பக்கம் கோபுரமும் ஒரு பக்கம் கடலும் வருகிற மாதிரி தள்ளிப் போய் முக்காலியை நட்டார். படம் பிடிக்க அவர் கையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கண்ணாடித் தகடுதானாம். ஆள் யாரும் விழாமல் எடுக்க வேண்டும் என்று இவர் ஏழெட்டு முறை சொல்லிவிட்டு வந்தார். நான் அதையெல்லாம் காதில் வாங்காமல் நேரே தண்ணீருக்குப் போனேன்.

அதை என்ன என்று சொல்ல! கண் போகிற தூரம் வரை தண்ணீர், அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் பார்வை மலையிலோ மரத்திலோ போய் முட்டும். இங்கே முட்டவே இல்லை. காலடியில் மணல் நழுவிற்று. முருகா, நீ நல்லா இருக்கணும் என்று சாமிக்கே நான் ஆசி சொன்னேன். ஓர் அலை வந்து முழங்காலை நனைத்துத் திரும்பியிருக்கும். அம்புட்டு நேரம்தான். என் மணிக்கட்டை இரண்டு கைகள் இறுக்கிப் பிடித்தன.

இவர்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது. என் பின்னாலேயே வந்திருக்கிறார், வேட்டி நனைந்திருக்கிறது, இன்னும் முன்னே வரவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் தெரியவில்லை. நாலு பேர் பார்க்கத் தொட்டுப் பேசிக்கொள்கிற வழக்கம் உள்ளவர்கள் அல்ல நானும் அவரும். தம்பி பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

“என்ன, பயமா இருக்கா? எத்தன கடலு வச்சிருக்கீக பெட்டியில!”

“படத்துல சத்தமே இல்லியேட்டி” என்றார். “இப்பிடி மேல மேல வரும்னு எவனும் எழுதலியே.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாவமாகவும் இருந்தது, அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பிற்று. “கூட்டிட்டுப் போங்க, கூட்டிட்டுப் போங்கன்னு நாயா கத்துனேனே, அட்டைய நீட்டுனீகளே, இப்பத் தெரியுதா? கைய விடுங்க, நான் இன்னும் செத்த நேரம் பாக்கணும். விடுங்கன்னா!” அவர் விடவில்லை. அடுத்த அலைக்கு இன்னும் இறுக்கினார். அந்தப் பக்கத்திலிருந்து போட்டோக்காரர் கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு, “ஐயா, தள்ளுங்க! அம்மா, படத்துல விழுதீங்க!” என்று கத்தினார். நானும் இழுத்துப் பார்த்தேன். நட்ட கல்லாக நின்றார். மேகம் வேறு வந்துகொண்டிருந்தது. வெளிச்சம் போய்விடும் என்று போட்டோக்காரர் இருந்தபடியே எடுத்துவிட்டார்.

படம் பிறகு தபாலில் ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தது. கோபுரம் நன்றாக விழுந்திருந்தது. கடலும் விழுந்திருந்தது. நடுவில் நாங்கள். இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருக்கிறார். நான் வாயைத் திறந்தபடி அவர் பக்கம் திரும்பி நிற்கிறேன். கெட்டது காரியம் என்று இரண்டு நாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் பாலங்களின் ஆசை வென்றது. மனசில்லாமல் அதையே பெல்ஜியத்துக்கு அனுப்பினார். பாலங்கள் வந்து பெட்டியில் ஏறின.

அதற்குப் பிறகு நான் திருச்செந்தூர் போகவில்லை. கடல் பக்கமே போக வாய்க்கவில்லை. அந்தப் பெல்ஜியத்துக்காரி கார்டைக் கிழித்துப் போடாமல் இருந்தால், வருகிறவர்களுக்கெல்லாம் இதுதான் இந்தியக் கடல் என்று எடுத்துக் காட்டிக்கொண்டிருப்பாள். அத்தனை வருஷம் ஆசைப்பட்டு, சாமியையே துணைக்குப் பிடித்துக்கொண்டு கடல் பார்க்கப் போனவள், அந்தப் படத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று புருஷனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.